ஓட்டோ கியரைக் கழற்றி மனுவல் பூட்டிய பிறகு கிளச் வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பக்கம் ஓடும் பழைய ஜப்பான் வேன்களில் ஓட்டோ கியர் பொக்ஸ் போய்விட்டால், அதைத் திருத்தும் செலவைப் பார்த்துப் பலர் மனுவல் பொக்ஸ் பூட்டிவிடுகிறார்கள். பொக்ஸ் ஏறிவிடும், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும், முதல் கியர் மட்டும் விழாது. கீழே உள்ள கேள்விகள் அந்த இடத்தில் தொடங்குகின்றன. கராஜ்களில் சொல்வதுபோல மாஸ்டர் சிலிண்டரை மேல் பம்ப் என்றும், கியர் பொக்ஸில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைக் கீழ் பம்ப் என்றும் எழுதியிருக்கிறோம். கீழ் பம்ப் வெளியே இருந்து ஃபோர்க்கை (கிளச்சின் ரிலீஸ் பெயரிங்கைத் தள்ளும் நெம்புகோலை) அசைக்கும் வாகனங்களுக்கே இந்தப் பக்கம் பொருந்தும். பொக்ஸின் உள்ளே பெயரிங்கோடு சேர்ந்த பம்ப் உள்ள ஐரோப்பியக் கார்கள் வேறு கதை.

பொக்ஸ் பூட்டியாயிற்று, கியர் விழவில்லை. மறுபடி பொக்ஸை இறக்க வேண்டும் என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்கிறார். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் சுகமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளச் பிரியவில்லை என்று பொருள். அதற்குக் காரணம் ஓயில் பக்கத்திலும் (பெடல், பம்ப்கள், பைப்) இருக்கலாம், கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது ஓர் அளவுதான்: பெடலை முழுதாக மிதிக்கும்போது கீழ் பம்பின் கம்பி எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது? அதை அளக்காமல் பொக்ஸை இறக்கினால் ஒரு நாள் வேலை வீணாகும். பல நேரம் பிழை கால் லீட்டர் பிரேக் ஓயிலோடு தீரக்கூடியதாக இருக்கும்.

எஞ்சின் நிற்கும்போதே கியர் விழவில்லை என்றால் அது கிளச்சின் குற்றமே அல்ல. கியர் லீவர், கேபிள், லிங்க் ஆகியவற்றைப் பாருங்கள்.

அந்த அளவை எப்படி எடுப்பது?

வேனைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும். கீழ் பம்பின் றப்பர் உறையைப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பி ஃபோர்க்கில் படும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பிடியுங்கள். கம்பியில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு ஒட்டினால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். மேலே இருப்பவர் பெடலை ஒரே ஒரு தடவை, மெதுவாக, தரை வரை மிதித்துப் பிடிக்க வேண்டும். பம்ப் பண்ணக் கூடாது. கோடு எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். அப்படியே அரை நிமிடம் பிடிக்கச் சொல்லிக் கோட்டைப் பாருங்கள். அது பின்வாங்கினால் பிரஷர் எங்கோ கழிகிறது.

பிறகு பெடலை நாலைந்து தரம் வேகமாக அடித்துவிட்டு மறுபடி அளக்கவும். இரண்டாவது அளவு முதல் அளவைவிடக் கூடினால் லைனில் எயார் இருக்கிறது.

எத்தனை மில்லிமீட்டர் வர வேண்டும்?

இந்த வகை ஜப்பான் வேன், பிக்கப்களுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. 13 மி.மீ.க்கு மேல் வந்தால் ஓயில் பக்கம் தன் வேலையைச் செய்கிறது, பிழையை உள்ளே தேடலாம். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் பிழை நிச்சயமாக ஓயில் பக்கம். இடைப்பட்டால் முதலில் எயார், பிறகு பெடல் அட்ஜஸ்ட்மென்ட்.

கணக்கைப் புரிந்துகொண்டால் பிழை தேடுவது சுலபம். பெடல் 140 மி.மீ. இறங்குகிறது, பெடலின் நெம்புகோல் விகிதம் 5க்கு 1 என்று வையுங்கள். மேல் பம்பின் கம்பிக்கு 28 மி.மீ. கிடைக்கும். பெடலின் வெற்று அசைவுக்கு 2 மி.மீ. போனால் மீதி 26. மேல் பம்பின் துளை 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. கீழ் பம்ப் 13/16 அங்குலம், அதாவது 20.64 மி.மீ. விட்டங்களின் வர்க்க விகிதம் 0.59. எனவே கீழே 15.4 மி.மீ. வரும். அதே மேல் பம்புக்கு 3/4 அங்குலக் கீழ் பம்ப் போட்டால் 18 மி.மீ., 7/8 அங்குலம் போட்டால் 13.3 மி.மீ. மட்டுமே.

இந்த 26 மி.மீ. அசைவில் மேல் பம்ப் தள்ளும் ஓயில் எவ்வளவு தெரியுமா? சுமார் 5 மி.லீ., ஒரு தேக்கரண்டி. கிளச் முழுதும் அந்தத் தேக்கரண்டியில்தான் பிரிகிறது. லைனில் 1 மி.லீ. காற்று நின்றாலும் மிதிக்கும்போது அது நசுங்கி இல்லாமல் போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு அசைவும் அதோடு போய்விடும். 15.4 வர வேண்டிய இடத்தில் 12 வரும், கியர் கரகரக்கும்.

எயார் எடுத்துக்கொண்டே இருக்கிறோம், முடிகிறதே இல்லை. ஏன்?

பொக்ஸ் மாற்றிய வேன்களில் இதற்கு நாலு காரணங்களை மாறி மாறிப் பார்க்கிறோம்.

முதலாவது, கீழ் பம்ப் தலைகீழாக இருப்பது. பொக்ஸ் ஒரு மொடலிலிருந்தும் பம்ப் இன்னொரு மொடலிலிருந்தும் வந்தால், பூட்டிய பிறகு எயார் எடுக்கும் நிப்பிள் கீழே பார்க்கும். காற்று மேலேதான் நிற்கும். நிப்பிளைத் திறந்தால் ஓயில்தான் வரும், நாள் முழுக்க எடுத்தாலும் காற்று வராது. பம்பின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸோடு தொங்கவிட்டு, நிப்பிள் உச்சியில் நிற்கும்படி சாய்த்துப் பிடித்து எயார் எடுங்கள். கம்பியை ஒரு கட்டையால் உள்ளே அழுத்திக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும்.

இரண்டாவது, மேல் பம்பைக் காய்ந்தபடியே பூட்டுவது. புதிய பம்பை முதலில் வைஸில் மட்டமாகப் பிடித்து, ஓயில் நிரப்பி, கம்பியைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, வாயில் குமிழி வருவது நிற்கும் வரை செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை. டாஷ்போர்டுக்கு அடியில் பூட்டிய பிறகு அதே காற்றை எடுக்க ஒரு மணித்தியாலம் போகும்.

மூன்றாவது, பைப் போகும் வழி. ஓட்டோ வேனில் கிளச் பைப்புக்கு கிளிப் இருக்காது, ஆளாளுக்கு ஒரு வழியில் இழுப்பார்கள். சேஸிஸுக்கு மேலாகத் தூக்கி வளைத்து இறக்கினால் அந்தக் கூனில் காற்று தங்கும். மேல் பம்பிலிருந்து கீழ் பம்ப் வரை பைப் இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

நாலாவது, மிதிப்பவரின் வேகம். அடித்தடித்து மிதித்தால் ஓயில் நுரைத்துப் பால்போல வரும். அப்படி வந்தால் அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள், நுரை அடங்கட்டும்.

எயார் எடுக்கச் சரியான முறை எது?

இரண்டு பேர் செய்யும் பழைய முறையே போதும், ஒழுங்காகச் செய்தால். நிப்பிளில் தெளிந்த வினைல் குழாயை மாட்டி, மறுமுனையை ஓயில் கொஞ்சம் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து “பிடிச்சிட்டேன்” என்றதும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஒரு வினாடிக்குள் மூடுங்கள். மூடிய பிறகே “விடு” என்று சொல்ல வேண்டும். திறந்திருக்கும்போது பெடலை விட்டால் நிப்பிளின் நூல் வழியாகவே காற்று உறிஞ்சப்படும். ஐந்து தடவைக்கு ஒருமுறை மேல் பம்பின் ஓயில் டாங்கியைப் பாருங்கள். அது சிறியது, ஒரு தடவை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ந்த லைனுக்கு 200 முதல் 300 மி.லீ. வரை செலவாகும், அரை லீட்டர்ப் போத்தல் ஒன்று போதும்.

அதற்கும் மசியாத வேனுக்குக் கீழிருந்து மேலே தள்ளுவதுதான் மருந்து. பார்மசியில் 50 அல்லது 60 மி.லீ. சிரிஞ்ச் வாங்கி, புது ஓயில் நிரப்பி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி, நிப்பிளில் மாட்டி மெதுவாக அழுத்துங்கள். காற்று தன் இயல்பில் மேலே போய் டாங்கியில் குமிழியாக வெடிக்கும். முன்கூட்டியே டாங்கியை அரைவாசி வெறுமையாக்கிவிடுங்கள். வழிந்த பிரேக் ஓயில் பெயின்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இரவு முழுக்கப் பெடலைத் தடியால் அமத்தி வைத்தால் காலையில் சரியாகிவிடும் என்று ஒரு வழக்கம் உண்டு. பெடல் அமர்ந்திருக்கும்போது மேல் பம்பிலிருந்து டாங்கிக்குப் போகும் துளை மூடியிருக்கும், காற்று போக வழியே இல்லை. விட்டுவைப்பதென்றால் பெடல் மேலே நிற்க விட்டுவையுங்கள், இடையிடையே பைப்பை ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டுங்கள்.

பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எங்கேயும் ஒழுக்கு இல்லை.

ஒழுக்கு வெளியே தெரியாத இரண்டு இடங்கள் உண்டு. மேல் பம்பின் பின்முனை ஒழுகினால் ஓயில் பெடல் கம்பி வழியாக உள்ளே வந்து காலடி விரிப்பை நனைக்கும். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கீழ் பம்பின் றப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கப் (பிஸ்டனின் றப்பர் சீல்) போய்விட்டது.

இரண்டும் காய்ந்திருந்தால் மேல் பம்பின் உள்ளேயே ஓயில் கப்பைத் தாண்டித் திரும்பிப் போகிறது. உறுதிப்படுத்த மேல் பம்பின் வாயிலிருந்து பைப்பைக் கழற்றி, அதே நூலுள்ள அடைப்பான் போல்ட்டைச் செம்பு வொஷரோடு இறுக்கி, பெடலை மிதியுங்கள். பெடல் கல்லுப்போல நிற்க வேண்டும். அமிழ்ந்தால் மேல் பம்ப். கல்லாக நின்றால் அடைப்பானைக் கழற்றிப் பைப்பைப் பூட்டி, எயார் எடுத்த பிறகு, றப்பர் ஹோஸை வழவழப்பான வாயுள்ள கிளாம்ப்பால் நெரித்து மறுபடி மிதியுங்கள். அப்போதும் கல்லாக நின்று, கிளாம்பை எடுத்ததும் அமிழ்ந்தால் கீழ் பம்ப் அல்லது ஹோஸ். பழைய ஹோஸ் மிதிக்கும்போது தவளைத் தொண்டைபோல வீங்குவதைக் கையால் பிடித்தே உணரலாம். ஹோஸை எந்த வேலையிலும் புதிதாகவே போடுங்கள்.

சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கிறோம். என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

“டொல்பினுக்கு (டொயோட்டா ஹயேஸ் வேனுக்கு) மேல் பம்ப்” என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒன்று வரும். துளை அளவு பம்பின் உடலிலேயே 5/8, 11/16, 3/4 என்று வார்ப்பில் எழுந்திருக்கும், அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, கம்பியின் நீளம், பைப் வாயின் நூல், டாங்கி பம்பின் மேலேயா தனியாகவா என்பதும் தேவை. ஜப்பான் வாகனங்களில் பைப் நட் பெரும்பாலும் 10 மி.மீ., 1.0 பிச். முடிந்தால் கியர் பொக்ஸ் எடுத்த அதே வாகனத்தின் பெடல் செட், மேல் பம்ப், கீழ் பம்ப், ஃபோர்க், ரிலீஸ் பெயரிங் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். தனித்தனியாகச் சேர்த்த செட்டில்தான் அளவு தப்பும்.

பெடல் அசைவு போதவில்லை என்று பெரிய மேல் பம்ப் போடும் யோசனை வரும். 5/8க்குப் பதில் 3/4 போட்டால் கீழே அசைவு 44 வீதம் கூடும், பெடலின் பாரமும் அதே 44 வீதம் கூடும். 15.4 இருந்த இடத்தில் 22 மி.மீ. வரும். அவ்வளவு தள்ளினால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் அளவுக்கு மீறி அமர்ந்து வளையும். நாங்கள் இதை விரும்புவதில்லை. காணாமல்போன மில்லிமீட்டர்கள் எங்கே போயின என்று தேடுவதே சரி.

எங்கே போயிருக்கும்?

பெரும்பாலும் முன்தகட்டில். பம்ப் நிற்கும் தகட்டில் ஓட்டோ வேனுக்கு அடித்த அடையாளம் மட்டும் இருக்கும், துளையை நீங்கள்தான் போடுகிறீர்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் மேல் பம்பைப் பார்க்கட்டும். பம்ப் உடல் தகட்டோடு சேர்ந்து 3 மி.மீ. முன்னால் அசைந்தால், 26இல் 3 போயிற்று, கீழே கிட்டத்தட்ட 2 மி.மீ. குறையும். 3 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு ஒன்றைப் பம்பைவிட அகலமாக வெட்டி உள்பக்கம் வைத்துப் பூட்டுங்கள். பெடல் செட்டின் மேல் போல்ட் டாஷ்போர்டின் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது எட்டாத இடம் என்பதால் விட்டுவிடுவார்கள். வெட்டிய துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்காமல் விட்டால், நம் கடற்காற்றுக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது.

அடுத்தது பெடல் புஷ், கம்பியைப் பெடலோடு இணைக்கும் முள் ஆகியவற்றின் தேய்மானம். பெடலைக் கையால் பக்கவாட்டில் ஆட்டினாலே தெரியும்.

பூட்டி இரண்டு நாள் நன்றாக ஓடியது. சூடான பிறகு கிளச் வழுக்குகிறது, ஆறினால் சரி.

மேல் பம்பின் கம்பிக்கு வெற்று அசைவு இல்லை. பம்பினுள்ளே ஓர் ஊசித்துளை உண்டு. பெடல் முழுதாக மேலே வரும்போது அந்தத் துளை திறந்து, சூட்டில் விரிந்த ஓயில் டாங்கிக்குத் திரும்பும். கம்பி நீளமாக அட்ஜஸ்ட் பண்ணப்பட்டிருந்தால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது, துளை மூடியே இருக்கும். எஞ்சின் சூட்டில் ஓயில் விரிந்து தானாகவே கீழ் பம்பைத் தள்ளும், யாரோ பெடலில் காலை வைத்திருப்பதுபோல. வேன்களில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் இது சீக்கிரம் தெரியும்.

டொயோட்டாக்களில் பொதுவாகப் பெடல் உச்சியில் கம்பியின் வெற்று அசைவு 1 முதல் 5 மி.மீ., பெடலின் மொத்த வெற்று அசைவு 5 முதல் 15 மி.மீ. விரலால் அமத்தியே அளக்கலாம். வழுக்கும் நேரத்தில் கீழ் பம்பின் நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். ஓயில் பீய்ச்சி, உடனே வழுக்கல் நின்றால் சந்தேகமே வேண்டாம், கம்பியைக் குறுக்குங்கள். ஓயில் பீய்ச்சவில்லை என்றால் பிளேட்டில் எஞ்சின் ஓயில் பட்டிருக்கும். பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின் ஓயில் சீலை மாற்றாத வேலைக்கு வரும் தண்டனை அது.

கீழ் பம்ப் 15 மி.மீ. தள்ளுகிறது. ஆனாலும் கியர் விழவில்லை.

இப்போது பொக்ஸை இறக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சின் நிறுத்தியபடி கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் புரொப்பெலர் ஷாஃப்டைக் கையால் சுற்றட்டும். சுற்றினால் கிளச் பிரிகிறது. எஞ்சினின் பாரம் கைக்குத் தெரிந்தால் பிரியவில்லை.

ஓட்டோவிலிருந்து மாற்றிய எஞ்சினில் முதல் சந்தேகம் பைலட் பெயரிங். கிராங்கின் நுனியில் மனுவல் பொக்ஸின் ஷாஃப்ட் முனை உட்காரும் சிறிய பெயரிங் அது. ஓட்டோ எஞ்சினில் அது இருக்காது. போடாமல் பூட்டினால் ஷாஃப்ட் ஆடும். தப்பான அளவைத் தட்டி ஏற்றினால் இறுகிப்போய்க் கிராங்கோடு சேர்த்து ஷாஃப்டையும் சுற்றும், கிளச் பிரிந்தும் பிரியாததுபோல இருக்கும். இரண்டாவது, கிளச் பிளேட் திருப்பிப் பூட்டப்பட்டிருப்பது. நடுக்குமிழ் பிளை வீல் போல்ட்களில் உரசும். புதிய பிளேட்டில் பிளை வீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். மூன்றாவது, பழைய பொக்ஸின் ஷாஃப்ட் பற்களில் துரு. வெளியே குவித்து வைத்திருந்த பொக்ஸ்களில் இது சாதாரணம். கம்பித்தூரிகையால் தேய்த்து, பிளேட்டைக் கையால் முன்பின் தள்ளி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கிரீஸ் ஒரு மெல்லிய படலம் போதும், மிச்சம் பிளேட்டுக்குத்தான் தெறிக்கும்.

பிளை வீல் போல்ட்களையும் கவனியுங்கள். ஓட்டோவின் மெல்லிய தட்டுக்கு வந்த போல்ட்கள் நீளம் குறைந்தவை, தடித்த பிளை வீலுக்கு அவை போதாது. பிளை வீலை லேத்தில் 1 மி.மீ. சீவியிருந்தால் கிளச் முழுதும் அந்த 1 மி.மீ. எஞ்சின் பக்கம் நகரும், ஃபோர்க் விகிதத்தால் கீழ் பம்ப் கம்பி சுமார் 2 மி.மீ. கூடுதலாக வெளியே நிற்கும். ஃபோர்க்கின் உருண்டைக்கு அடியில் ஒரு வொஷர் வைத்தால் ஈடாகும். பிரஷர் பிளேட்டின் 8 மி.மீ. போல்ட்களை ஒரேயடியாக இறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். டொயோட்டாவில் அளவு 19 நியூட்டன் மீட்டர்.

ஃபோர்க்கில் ஸ்பிரிங் போட வேண்டுமா?

கீழ் பம்பின் உள்ளேயே ஸ்பிரிங் இருந்து, கம்பி அட்ஜஸ்ட் பண்ண முடியாததாக இருந்தால் வெளி ஸ்பிரிங் போடக் கூடாது. போட்டால் ஒவ்வொரு மிதிப்புக்கும் பிஸ்டன் அளவுக்கு மீறிப் பின்னால் போய், அசைவு வீணாகும். நட் உள்ள அட்ஜஸ்ட் கம்பியாக இருந்தால் ஸ்பிரிங் தேவை, ஃபோர்க் முனையில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளியும் விட வேண்டும்.

எந்த ஓயில்?

மூடியில் எழுதியிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4. இரண்டும் கலந்தாலும் கெடுதல் இல்லை. சிலிக்கன் வகையான டொட் 5 வேண்டாம். எஞ்சின் ஓயில், பவர் ஸ்டியரிங் ஓயில், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு துளிகூடப் படக் கூடாது, கப்கள் ஊறி வீங்கிவிடும். சாமான்களைப் பெட்ரோலில் கழுவும் பழக்கமும் அதே கேட்டைத்தான் தரும். பிரேக் ஓயிலாலேயே கழுவுங்கள். திறந்த போத்தல் காற்றின் ஈரத்தை இழுக்கும். மார்கழி மழையில் திறந்து ஜன்னலோரம் வைத்ததைச் சித்திரையில் ஊற்ற வேண்டாம்.

செம்புப் பைப் போடலாமா?

குளிர்சாதனக் கடையில் கிடைக்கும் மெல்லிய செம்புக் குழாய் போடவே கூடாது, அதிர்வில் இறுகி வெடிக்கும். பிரேக் வேலைக்கென்றே வரும் 3/16 அங்குல இரும்பு பைப் அல்லது நிக்கல் கலந்த செம்பு பைப் போடுங்கள். துருவைப் பொறுத்தவரை நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஓடும் வாகனத்துக்கு இரண்டாவதே நல்லது. முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு இன்று பிடிக்கும், பிறகு வியர்க்கும்.

கீழ் பம்புக்கு றப்பர் கிட் போதுமா, பம்பையே புதிதாக வாங்க வேண்டுமா?

உட்சுவரைத் துடைத்து, நகத்தை நெடுக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் புதிது. உப்புக் காற்றோ மழைநீரோ கிழிந்த உறை வழியாக உள்ளே போய்ப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும், எத்தனை கிட் போட்டாலும் அந்தக் குழிகள் கப்பைக் கிழிக்கும். ஃபோர்க்கைச் சுற்றியுள்ள பெரிய றப்பர் மறைப்பையும் மறக்காதீர்கள். கச்சான் காலப் புழுதி அந்த ஓட்டை வழியாகத்தான் கிளச்சுக்குள் போகிறது.

சீசன் முடிந்து நாலைந்து மாதம் கடற்கரையில் நின்ற வேன். முன்பு சரியாக இருந்தது, இப்போது கியர் விழவே இல்லை.

கீழ் பம்பை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் பிளேட் பிளை வீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். முன்னால் ஆளோ வாகனமோ இல்லாத வெளியில், நாலாம் கியரில் போட்டு, கிளச்சையும் பிரேக்கையும் முழுதாக மிதித்து, ஸ்டார்ட்டரை ஒரு வினாடி தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டலில் விடுபடும். விடாவிட்டால் ஸ்டார்ட்டரை வதைக்காமல் பொக்ஸை இறக்குங்கள்.

மனுவல் பூட்டியபின் ஸ்டார்ட்டரே அடிக்கவில்லை.

ஓட்டோ பொக்ஸில் பி (பார்க்), என் (நியூட்ரல்) நிலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்ச் இருந்தது, அது பொக்ஸோடு போய்விட்டது. அந்தச் சொக்கெட்டில் ஸ்டார்ட்டர் வயர் இரண்டையும் நேரே சேர்த்துவிடாதீர்கள். கியரில் இருக்கும்போது சாவி திருகினால் வேன் பாயும். கிளச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதனூடாக எடுங்கள். அதே சொக்கெட்டில்தான் ரிவர்ஸ் லைட் வயர்களும் இருக்கும். அவற்றை மனுவல் பொக்ஸின் ரிவர்ஸ் சுவிட்சுக்குக் கொடுங்கள்.

வேலை முடிந்தது. எப்படிச் சோதிப்பது?

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து நாலு வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய பொக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) இல்லை, பிளேட் கொஞ்சம் இழுபட்டாலும் கரகரவென்று சொல்லிவிடும். பிறகு பெடலை மெதுவாக விட்டு, வேன் நகரத் தொடங்கும் புள்ளியைப் பாருங்கள். தரையிலிருந்து குறைந்தது 25 மி.மீ. மேலே இருக்க வேண்டும்.

வழுக்கல் பார்க்க உவர்மலை ஏற்றம் போதும். மூன்றாம் கியரில் மெதுவாக ஏறும்போது அக்சிலேட்டரை அமத்தினால் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் வழுக்குகிறது. கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் இந்தச் சோதனை வேண்டாம், சனமும் மான்களும் குறுக்கே நிற்கும். சூட்டுச் சோதனைக்குக் கிண்ணியாப் பாலம் வரை போய்த் திரும்பி, வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே கீழ் பம்பை மறுபடி அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் லைனில் இன்னும் காற்று இருக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியபின் டாங்கியின் மட்டம், ஹோஸ் முனைகளின் ஈரம், முன்தகட்டு போல்ட்கள் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு அளவுகளையும் டாங்கி மூடிக்குப் பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்தால், அடுத்தமுறை வேனுக்கு அடியில் படுப்பவருக்கு உதவும்.